பாட்டியோட அப்பா யாரோட பிரஜை? பெங்களூரு தண்டு (கன்டோன்மென்ட்) பக்கம் அந்தக் காலத்து வாழ்க்கை தெரிஞ்சவங்க சொல்லுங்க

அல்சூர்_பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னைக்குதான் முதல் தடவையா கேள்வி போடறேன், கொஞ்சம் நீளமா போனா பொறுத்துக்கோங்க.

நாங்க பெங்களூரு அல்சூர்ல நாலு தலைமுறையா இருக்கோம். போன மாசம் பெயின்ட் அடிக்கறதுக்காக பரண் மேல இருந்த தகரப் பொட்டிய இறக்கினோம். உள்ள பாட்டியோட அப்பா சாமான் கொஞ்சம் இருந்துச்சு. பித்தளை பட்டன் வச்ச வெள்ளைக் கோட்டு ஒண்ணு, இப்ப மஞ்சளாயிடுச்சு, ஒரு சவரக்கத்தி, அப்புறம் தோல் பர்ஸுக்குள்ள எட்டா மடிச்சு வச்ச ஒரு காகிதம். 1921னு தேதி போட்டு இங்கிலீஷ்ல மைப் பேனாவால எழுதியிருக்கு. இவர் என்கிட்ட மூணு வருஷம் பட்லரா இருந்தார், நேர்மையானவர், குடிக்க மாட்டார், வெள்ளிச் சாமான் ஒண்ணுகூட காணாம போனதில்லன்னு ஊருக்குத் திரும்பிப் போற ஒரு மிலிட்டரி ஆபீசர் எழுதிக் கையெழுத்து போட்டிருக்கார். பேர் எழுதற எடத்துல ‘சாமி’ன்னு மட்டும் இருக்கு. அவர் பேர் முனுசாமி. அப்பா பேர் இல்ல, ஊர் பேர் இல்ல, வயசு இல்ல. மடிப்பு மடிப்பா காகிதம் கிழிஞ்சு போய் பின்னாடி சோத்துப் பசை வச்சு நியூஸ்பேப்பர் துண்டு ஒட்டியிருக்காங்க.

நான் தபால் வழில எம்.ஏ. சோசியாலஜி பண்றேன், ப்ராஜெக்ட்டுக்கு காலனி காலத்து குடியுரிமைன்னு தலைப்பு வந்திருக்கு. புக்கெல்லாம் எடுத்துப் பார்த்தா இந்த வருஷம் இந்தச் சட்டம், அந்த வருஷம் அந்தச் சட்டம்னு வரிசையா போகுது, ஆனா இந்தக் காகிதத்த வச்சிருந்த மனுஷன் அதுல எங்கயும் வரல. பாட்டிகிட்ட உங்கப்பா எந்த நாட்டு பிரஜைன்னு கேட்டேன், நாம தண்டு ஜனம்டின்னு சொல்லிட்டாங்க. அவர் ஆற்காடு பக்கத்துல பிறந்து சின்ன வயசுல இங்க வந்தவர். அவர் பிரிட்டிஷ் பிரஜையா, மைசூர் மகாராஜா பிரஜையா? அப்படி இருந்ததால அவருக்கு தினசரி வாழ்க்கைல என்ன கிடைச்சுது, என்ன கிடைக்கல? தெரிஞ்சவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

தண்டு_வாத்தியார்:

அம்மா, நல்ல கேள்வி. நான் 31 வருஷம் ஹிஸ்டரி வாத்தியாரா இருந்தவன், ஃப்ரேசர் டவுன்ல வீடு, இத கிளாஸ்ல சொல்லித்தர சிலபஸ்ல எடம் இருந்ததே இல்ல, அந்தக் குறை இன்னைக்கும் எனக்கு இருக்கு. அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல எடத்த புரிஞ்சிக்கணும். நமக்கு இப்ப ஒரே பெங்களூரு. அன்னைக்கு அது ரெண்டு ஊரு. கப்பன் பார்க்குக்கு மேற்கால பேட்டை, அது மைசூர் மகாராஜாவோடது. கிழக்கால தண்டு, அது வெள்ளைக்காரன் கைல. 1799ல திப்பு போனதுக்கப்புறம் பட்டாளத்த ஸ்ரீரங்கப்பட்டணத்துல வச்சுப் பார்த்தாங்க, அங்க காய்ச்சல் தாங்கல, 1809ல அல்சூர் பக்கம் கொண்டு வந்தாங்க. வந்தது மெட்ராஸ் பட்டாளம். பின்னாடியே சிப்பாய் குடும்பம், சமையக்காரர், வண்ணார், வண்டிக்காரர், தீவனம் சப்ளை பண்றவர், கட்டட கான்ட்ராக்டர்னு ஆற்காடு வேலூர் பக்கத்து ஜனம் வந்து இறங்குச்சு. 1864ல ஜோலார்பேட்டைல இருந்து ரயில் வந்ததும் வர்றது இன்னும் சுலபமாயிடுச்சு. இன்னைக்கும் பழைய ஆளுங்க கன்டோன்மென்ட் ஸ்டேஷன தண்டு ஸ்டேஷன்னுதான் சொல்வாங்க. உங்க பாட்டி சொன்ன ‘தண்டு ஜனம்’ங்கறது சும்மா வாய்ல வந்த வார்த்தை இல்ல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். 1831ல இருந்து 50 வருஷம் மைசூர் முழுக்க வெள்ளைக்காரன் நிர்வாகம்தான். 1881ல ராஜ்யத்த மகாராஜாகிட்ட திருப்பிக் குடுத்தாங்க, ஆனா தண்ட மட்டும் குடுக்கல. மண்ணு மகாராஜாவோடது, அதிகாரம் வெள்ளைக்காரனோடது, சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்னு பேரு வச்சு ரெசிடென்ட் (மைசூர்ல இருந்த வெள்ளைக்கார சர்க்கார் பிரதிநிதி) கைல விட்டாங்க. சட்டப்படி பார்த்தா தண்டு பிரிட்டிஷ் இந்தியாவே இல்ல. அங்க ஓடின பிரிட்டிஷ் இந்தியா சட்டமெல்லாம் தனித்தனியா அறிவிப்பு போட்டு கொண்டு வந்து ஒட்ட வச்சதுதான்.

உங்க கொள்ளுத்தாத்தா ஆற்காட்டுல, அதாவது மெட்ராஸ் மாகாணத்துல பிறந்தவர்ங்கறதால பிறப்புப்படி பிரிட்டிஷ் பிரஜை. அவர் பிள்ளைங்க தண்டுல பிறந்திருந்தாலும் 1914 சட்டப்படி அப்பா வழியா அது வரும். ஆனா பேட்டைல தலைமுறை தலைமுறையா இருக்கற ஒரு கன்னடக்காரர் பிரிட்டிஷ் பிரஜை கிடையாது, அவர் மைசூர் பிரஜை, பிரிட்டிஷ் பாதுகாப்புல இருக்கறவர்னு கணக்கு. ரெண்டு பேரும் ஒரே மார்க்கெட்ல காய் வாங்கினவங்க, அரை மணி நேரம் நடந்தா ஒருத்தர் ராஜ்யத்துல இருந்து இன்னொருத்தர் ராஜ்யத்துக்குப் போயிடலாம்.

இதுல கிடைச்சது என்னன்னா அங்கதான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. 1919 சட்டம் வந்து மெட்ராஸ் மாகாணத்துல சொத்து வரி உள்ளவங்களுக்கு சட்டசபை ஓட்டு வந்துச்சு, தண்டு அந்த மாகாணத்துல இல்ல. மைசூர்ல 1881லயே திவான் ரங்காச்சார்லு பிரஜா பிரதிநிதி சபைன்னு ஒண்ணு ஆரம்பிச்சார், தசராவுக்கு ஊர் ஊரா ஆளுங்க போய் மகாராஜா சர்க்கார்கிட்ட குறை சொல்லலாம், தண்டு அதுலயும் இல்ல. ரெண்டு பக்கமும் வாசல் அடைச்ச வீடு மாதிரி. இருந்தது முனிசிபாலிட்டி மட்டும், அதுலயும் சொத்து வச்சு வரி கட்டறவங்க பேச்சுதான். இன்னைக்கு ஹைகோர்ட் இருக்கற சிவப்புக் கட்டடம், அட்டாரா கச்சேரி, அத 1868ல கட்டி முடிச்ச கான்ட்ராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். ராய்பகதூர் பட்டம் வாங்கினவர், 1873ல ஏழைப் பிள்ளைங்களுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சவர். அவர மாதிரி ஆளுங்க ரெசிடென்ட் முன்னாடி நாற்காலில உக்காந்து பேச முடியும். அவர் கட்டின கச்சேரிக்கு உங்க கொள்ளுத்தாத்தா போனா மரத்தடில மனு எழுதறவர்கிட்ட காசு குடுத்து ‘மகாகனம் பொருந்திய ஐயா அவர்கள் சமூகத்துக்கு’ன்னு ஆரம்பிச்சு எழுதி வாங்கிட்டு வெளிய நிக்கணும். சட்டத்துல ரெண்டு பேரும் ஒரே மாதிரி பிரிட்டிஷ் பிரஜைதான்.

வெள்ளைக்காரனுக்கும் இவருக்கும் நடுவுல இருந்த தூரம் அதவிடப் பெருசு. 1883ல இல்பர்ட் மசோதான்னு ஒண்ணு வந்துச்சு, இந்திய மாஜிஸ்திரேட் ஐரோப்பியரையும் விசாரிக்கலாம்னு. அதுக்கு நாடு பூரா வெள்ளைக்காரங்க கொதிச்சு எழுந்து, கடைசில 1884ல, ஐரோப்பியர் கேட்டா பாதிக்குப் பாதி வெள்ளைக்காரங்க உள்ள ஜூரி வைக்கணும்னு முடிஞ்சுது. அதாவது ஒரு துரை பட்லர அடிச்சாலும் கேஸு துரையோட ஜனம் முன்னாடிதான் போய் நிக்கும். வெள்ளி ஸ்பூன் ஒண்ணு காணாம போனா பட்லர் பேச்ச யார் நம்புவாங்க? இத மனசுல வச்சுகிட்டு அந்தக் காகிதத்த இன்னொரு தடவை படிங்க. ‘வெள்ளிச் சாமான் காணாம போனதில்ல’ங்கற அந்த ஒரு வரிதான் அவருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு.

உங்க படிப்புக்கு ஒரு விஷயம். டி.எச். மார்ஷல்னு ஒரு இங்கிலீஷ் சோசியாலஜிஸ்ட் 1949ல கேம்பிரிட்ஜ்ல பேசினப்போ குடியுரிமைய மூணா பிரிச்சார், சிவில் உரிமை, அரசியல் உரிமை, சமூக உரிமை, இங்கிலாந்துல அது 18, 19, 20ன்னு நூற்றாண்டுக்கு ஒண்ணா வரிசையா வந்துச்சுன்னு. அத அப்படியே கொண்டு வந்து இங்க வைக்காதீங்க, நம்ம தண்டுல அந்த வரிசையே கிடையாது. கோர்ட் இருந்துச்சு ஆனா சமமா இல்ல, ஓட்டு இல்லவே இல்ல, தடுப்பூசியும் குழாயும் மட்டும் உரிமையா இல்லாம உத்தரவா வந்துச்சு.

மாரிகுப்பம்_மணி:

வாத்தியார் சார் சொன்னது எல்லாம் சரி சார். ஆனா ஒண்ண விட்டுட்டீங்க, சாதி. அத சொல்லாம இந்தக் கதை நிக்காது.

நான் பிறந்தது கேஜிஎஃப், கோலார் தங்கச் சுரங்கம், இப்ப பையப்பனஹள்ளில இருக்கேன். எங்க ஆளுங்க வட ஆற்காட்டுல இருந்து மைன்ஸுக்கு வந்தவங்க. ஊர்ல எங்க தாத்தாவோட அப்பன் பண்ணை ஆளு. ஊர்ல ‘குடிமகன்’னா யாரு தெரியுமா அக்கா? நாட்டோட சிட்டிசன் இல்ல. ஊருக்கு சவரம் பண்றவர், துணி வெளுக்கறவர், சாவு சேதிக்கு ஊழியம் பண்றவர், அவங்கதான் குடிமக்கள். அதாவது ஊருக்கு ஊழியம் பண்ண கடமைப்பட்டவன். அந்த வார்த்தைதான் 1950க்கு அப்புறம் நம்ம எல்லாருக்கும் மேல வந்து உக்காந்துச்சு, ப்ராஜெக்ட்ல இத கண்டிப்பா எழுதுங்க.

வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்கு எங்க ஜனம் நிறைய போனதுக்குக் காரணம் இருக்குது. மாட்டுக்கறி சமைக்கணும், எச்சில் தட்டு எடுக்கணும், துரை குளிக்கற தொட்டி கழுவணும், மத்த சாதிக்காரங்க வர மாட்டாங்க. மெட்ராஸ் பட்டாளத்துலயும் சாப்பர்ஸ்லயும் (பாதை, பாலம் போடற பட்டாளம்) ஒரு காலத்துல பறையர் நிறைய பேர் இருந்தாங்க, அப்புறம் 19ஆம் நூற்றாண்டு கடைசில வீர சாதி வீரமில்லாத சாதின்னு ஒரு கணக்கு போட்டு தெற்கத்தி ஆளுங்கள பட்டாளத்துல குறைச்சிகினே வந்தாங்க. சிப்பாய் வேலை போனவன் பிள்ளை பட்லர் வேலைக்குப் போனான். ஆனாலும் ஊர விட தண்டு மேல்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. சட்டை போடலாம், செருப்பு போடலாம், மிஷன் ஸ்கூல்ல பிள்ளைங்கள சேர்க்கலாம், சம்பளம் காசா கைல வரும். அது பெரிய விஷயம், அத குறைச்சு மதிப்பிட நான் விட மாட்டேன்.

ஆனா அந்த விடுதலைக்கும் ஒரு விலை இருந்துச்சு. மைன்ஸ்ல நாங்க யாரு? 1902ல சிவசமுத்திரத்துல இருந்து 90 மைலுக்கு மேல கம்பி இழுத்து கேஜிஎஃப் மைன்ஸுக்கு கரண்ட் வந்துச்சு, பெங்களூரு தெருவுக்கே 1905லதான் வந்துச்சு. அத்தன கரண்ட்டும் குழிக்கு. குழிக்குள்ள இறங்கறவன் குடும்பம் தட்டி வீட்டுல சிம்னி விளக்குல இருந்துச்சு. 1930ல வேலைக்காரங்க எல்லாரோட கைரேகையும் எடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. 1897ல கல்கத்தாவுல முதல் கைரேகை ஆபீஸ் தொறந்ததே குற்றவாளிங்கள கண்டுபிடிக்க. அப்ப நாங்க என்ன திருடனுங்களான்னு ஆயிரக்கணக்குல ஜனம் வேலைய நிறுத்திட்டு வெளிய வந்துச்சு, வாரக்கணக்குல நடந்த ஸ்டிரைக் அது. பிரிட்டிஷ் இந்தியாவுல 1859லயே ஒரு சட்டம், அட்வான்ஸ் வாங்கிட்டு வேலைக்கு வரலன்னா அது கடன் பாக்கி இல்ல, கிரிமினல் கேஸு, ஜெயில். 1925லதான் அத எடுத்தாங்க. அதனால வேலைக்காரன்னாலே சந்தேகப்பட வேண்டியவன்ங்கற பார்வை அந்தக் காலத்துல எல்லா காகிதத்துலயும் இருக்குது. அக்காவோட காகிதத்துல இருக்கற ‘நேர்மையானவர், குடிக்க மாட்டார்’னு எழுதினதும் அந்தப் பார்வைல இருந்து வந்ததுதான்.

இன்னொரு காகிதமும் இருந்துச்சு, அது எங்க ஆளுங்களே அச்சடிச்சது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல மெட்ராஸ்ல ‘ஒரு பைசாத் தமிழன்’ங்கற பத்திரிகைய ஆரம்பிச்சார், அவரோட பௌத்த சங்கத்துக்கு கேஜிஎஃப் மாரிகுப்பத்துல கிளை இருந்துச்சு. குழில எட்டு மணி நேரம் வேலை பார்த்துட்டு வந்தவங்க ராத்திரி ஒருத்தர் படிக்க பத்து பேர் கேட்டாங்கன்னு எங்க தாத்தா சொல்லுவாரு. அதுல எங்க பேர் நாங்க எழுதினபடி இருந்துச்சு. துரை எழுதின சீட்டுல பாதிப் பேர்தான் இருந்துச்சு.

மல்லேஸ்வரம்_ரகு:

நான் கொஞ்சம் மாறுபடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தண்டு பத்தியே பேசறோம், மைசூர் பக்கம் பிரஜைக்கு மதிப்பு கூடுதலா இருந்துச்சுன்னு நினைக்கறேன். பிரதிநிதி சபை வாத்தியாரே சொன்னார். 1918ல லெஸ்லி மில்லர் கமிட்டி போட்டு, பிராமணர் அல்லாதவங்களுக்கு சர்க்கார் வேலைல எடம் ஒதுக்கணும்னு 1921ல உத்தரவு வந்துச்சு. அதே வருஷம்தான் இந்த அக்கா கொள்ளுத்தாத்தா துரைகிட்ட நல்லவன்னு சீட்டு வாங்கியிருக்கார். பேட்டைல இருந்திருந்தா அவருக்கு இன்னும் நல்லா இருந்திருக்குமோ?

தண்டு_வாத்தியார்:

ரகு, நீங்க சொன்ன உத்தரவு உண்மை, மதிக்க வேண்டிய விஷயம், அந்தக் காலத்து இந்தியாவுல ரொம்ப முன்னாடி நடந்தது. ஆனா ரெண்டு விஷயம் யோசிங்க. அது மைசூர் பிரஜைக்கு. ஆற்காட்டுல இருந்து வந்தவர் ‘மெட்ராஸ்காரர்’. மைசூர் மைசூர்க்காரங்களுக்கேன்னு அந்தக் காலத்துலயே பெரிய சண்டை இருந்துச்சு, அது ஆரம்பத்துல படிச்ச பிராமணர்களுக்குள்ளயே நடந்த சண்டை, மெட்ராஸ்ல இருந்து வந்த பெரிய உத்தியோகஸ்தருக்கும் உள்ளூர்க்காரருக்கும். திவானுக்கே அந்தக் கேள்வி வந்தப்போ பட்லருக்கு வராதா? ரெண்டாவது, சபைக்கு முதல்ல வந்த 144 பேர் நிலம் உள்ளவங்களும் வியாபாரிங்களும். ராஜ்யம் மாறினா கூலிக்காரன் வாழ்க்கை மாறிடும்னு நான் நம்பல. மல்லேஸ்வரம் பசவனகுடி மனை பிரிச்சப்போ சாதி சாதியா பிளாக் போட்டுத்தான் பிரிச்சாங்க, உங்களுக்கே தெரியும்.

காக்ஸ்டவுன்_செல்வி:

மூணு ஆம்பளைங்க பேசிட்டீங்க, இப்ப நான் சொல்றேன். எங்க பாட்டி ஆயாவா இருந்தவங்க, கூலிங் ஸ்டோரே இல்லாத காலத்துல துரைசானி பிள்ளைக்கு பால் கெட்டுப் போகாம பார்த்துக்கறதே ஒரு வித்தைன்னு சொல்வாங்க. ஆயாவுக்கும் இந்த மாதிரி சீட்டு உண்டு. சீட்டு இல்லாம வேற பங்களா வாசல் ஏற முடியாது, சண்டை போட்டுட்டு வெளிய வந்தா அந்த மூணு வருஷ உழைப்பே இல்லன்னு ஆயிடும்.

பங்களான்னா எவ்வளவு ஆளுன்னு கேட்டா இப்ப யாரும் நம்ப மாட்டாங்க. வின்ஸ்டன் சர்ச்சில் 1896ல இருந்து கொஞ்ச வருஷம் நம்ம பெங்களூர்ல சின்ன ஆபீசரா இருந்தார், மூணு ஆபீசர் சேர்ந்து ஒரு பங்களா எடுத்தாங்க. ஆளுக்கு ஒரு பட்லர், அதில்லாம பங்களாவுக்குப் பொதுவா ரெண்டு தோட்டக்காரர், மூணு பிஸ்தி, நாலு வண்ணார், ஒரு வாட்ச்மேன் இருந்ததா அவரே பின்னாடி எழுதி வச்சிருக்கார். பிஸ்தின்னா தோல் பைல தண்ணி தூக்கிட்டு வர்றவங்க. மூணு பேர் குளிக்க மூணு ஆளு நாள் பூரா தண்ணி தூக்கியிருக்காங்க. இந்த ஆளுங்கல்லாம் காம்பவுண்டுக்குள்ளயே பின்பக்கம் லாயத்துக்குப் பக்கத்துல வரிசையா ஒத்தை ரூம்ல குடும்பத்தோட இருப்பாங்க, பின் கேட்டு தனி. அந்த ரூமுக்கு நம்பர் கிடையாது. ஊர்ல இருந்து கடுதாசி வந்தா துரை பேர் போட்டு, பங்களா பேர் போட்டு, மேல்பார்த்துன்னு இவங்க பேர். துரை மாறிப் போனா விலாசமும் போச்சு. அட்ரஸே இல்லாதவங்களுக்கு எங்க இருந்து உரிமை வரும்?

சர்க்கார் இவங்க பேர எப்ப எழுதிச்சுன்னா பயந்தப்போ எழுதிச்சு. 1898 ஆகஸ்ட்ல ஹூப்ளி பக்கத்துல இருந்து ரயில்ல பிளேக் வந்துச்சு. 1891ல ரெண்டு பக்கமும் சேர்த்து ஊர் ஜனம் 1 லட்சத்து 80 ஆயிரம், 1901ல 1 லட்சத்து 59 ஆயிரம், செத்தது போக ஓடினவங்க எவ்வளவு பேர்னு நினைச்சுப் பாருங்க. அப்பதான் வீட்டுக்குள்ள ஆளு பூந்து தேடினாங்க, ஓட்ட பிரிச்சு வெளிச்சம் விட்டாங்க, ரயிலடில பொம்பளைங்கள நிக்க வச்சு அக்குள்ல கட்டி இருக்கான்னு பார்த்தாங்க. மெட்ராஸ் மாகாணத்துக்குள்ள போகணும்னா பிளேக் பாஸ்போர்ட்டுன்னு ஒரு சீட்டு, பேர் ஊர் எழுதி வாங்கி, போன எடத்துல பத்து நாள் தினம் போய் முகத்த காட்டணும். நம்ம பாட்டன் பாட்டிங்க வாழ்க்கைல வந்த முதல் பாஸ்போர்ட் அதுதான். டாக்டருக்கு மேல ஜனம் நம்பினது பிளேக் மாரியம்மன, அந்தக் கோயில் இன்னும் இந்த ஊர்ல இருக்கு, கூழ் ஊத்தறாங்க. அந்தப் பயத்துலதான் 1910 வாக்குல ஃப்ரேசர் டவுன காத்தோட்டமா அகலத் தெருவா போட்டாங்க, ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃப்ரேசர் பேர்ல. வாத்தியார் சார் இருக்கற தெரு பிளேக் குடுத்த தெரு.

அதுக்கும் முன்னாடி இன்னொரு லிஸ்ட் இருந்துச்சு, யாரும் வாய விட்டு சொல்ல மாட்டாங்க. பட்டாளத்து ஆளுங்களுக்கு வியாதி வரக்கூடாதுன்னு 1864 கன்டோன்மென்ட் சட்டம், 1868ல இன்னொரு சட்டம் போட்டு, பட்டாளத்து பஜார்ல இருந்த பொண்ணுங்க பேர ரிஜிஸ்டர்ல எழுதி, சீட்டு குடுத்து, குறிச்ச நாள்ல வந்து பரிசோதனைக்கு நிக்கணும்னு வச்சாங்க. நோவு இருந்தா லாக் ஹாஸ்பிடல்ல, அதாவது பால்வினை நோய்க்குன்னு இருந்த தனி ஆஸ்பத்திரில, அடைப்பாங்க. சிப்பாய்க்கு அந்த அடைப்பு இல்ல. 1888ல அந்த 1868 சட்டத்த எடுத்தாங்க, பழக்கம் உடனே போகல. தண்டுல பொம்பளைங்களுக்கு சர்க்கார் குடுத்த முதல் அடையாளச் சீட்டு இதுதான்னு சொல்ல எனக்கு வயிறு எரியுது, ஆனா ப்ராஜெக்ட்ல எழுதாம விடாதம்மா. நான் நர்ஸா இருந்து ரிடையர் ஆனவ, ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல ஒரு பேரு எப்படி ஏறுதுங்கறது எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும்.

அப்புறம் ஓட்டு. முதல் தேர்தலுக்கு லிஸ்ட் எடுத்தப்போ பொம்பளைங்க நிறைய பேர் தன் பேர சொல்ல மாட்டேன்னுட்டாங்க, இன்னார் சம்சாரம், இன்னார் அம்மான்னுதான் சொன்னாங்க. நாடு முழுக்க 28 லட்சம் பேர் போல அதனாலயே லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க.

மாரிகுப்பம்_மணி:

செல்வியக்கா எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். அந்த லாக் ஹாஸ்பிடல் சேதி எனக்குத் தெரியாது. எங்க பக்கத்து கதைலயும் பொம்பளைங்க இல்லாமத்தான் இத்தன நாள் சொல்லிகினு இருந்திருக்கோம்.

பேத்தி அக்கா, அந்தக் காகிதம் எட்டு மடிப்பா இருக்குதுன்னீங்க. பெட்டில வச்சிருந்தா அவ்வளவு தேயாது. சட்டைப் பாக்கெட்டுல தினம் வச்சிருந்தாதான் அப்படி மடிப்புல கிழியும். யார்கிட்ட எல்லாம் காட்டினாருன்னு பாட்டிய கேளுங்க.

தண்டு_வாத்தியார்:

மணி கேட்டது சரியான கேள்வி. தேதி மட்டும் நான் சேர்த்துடறேன். 1930கள்ல தண்ட மகாராஜாகிட்ட திருப்பிக் குடுக்கற பேச்சு வந்தப்போ இங்க இருந்தவங்க எதிர்த்தாங்க. கடைசில 1947 ஜூலை 26 குடுத்தாங்க. அதாவது சுதந்திரத்துக்கு 20 நாள் முன்னாடி தண்டு ஜனம் மகாராஜா நிர்வாகத்துக்குக் கீழ போச்சு. ஆகஸ்ட் 15க்கு அப்புறமும் மைசூர்ல பொறுப்பாட்சி கேட்டு ஜனம் தெருவுக்கு வந்து, அக்டோபர்லதான் கே.சி. ரெட்டி மந்திரிசபை வந்துச்சு. 1949ல தண்டும் பேட்டையும் ஒரே கார்ப்பரேஷனாச்சு. 1950 ஜனவரி 26 குடியரசு. ரெண்டரை வருஷத்துல அந்த மனுஷன் வீட்ட விட்டு நகராமலே எத்தன ஆட்சிக்குக் கீழ இருந்துட்டார் பாருங்க. துரைங்க கப்பல் ஏறினதும் பட்லர், ஆயா, மாலி எல்லாருக்கும் வேலை போச்சு, அத சுதந்திர வரலாற்றுல யாரும் எழுதல.

அல்சூர்_பேத்தி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. செல்வி அத்தை, நீங்க சொன்னத கண்டிப்பா எழுதுவேன், தனி அத்தியாயமாவே போடறேன். ரகு சார், மில்லர் கமிட்டி விஷயமும் சேர்த்துக்கறேன், ஒரே வருஷத்துல ரெண்டு காகிதம்ங்கறது எனக்குத் தோணவே இல்ல.

நேத்து ராத்திரி பாட்டி பக்கத்துல உக்காந்து மணி அண்ணன் கேட்டத கேட்டேன். பாட்டிக்கு இப்ப 85, காது கொஞ்சம் மந்தம், ஆனா அப்பா பத்தி கேட்டா தெளிவா வருது. துரை போனதுக்கப்புறம் அவங்கப்பா இன்னும் ரெண்டு பங்களால வேலை பார்த்தாராம், அங்க எல்லாம் இதத்தான் முதல்ல காட்டினாராம். யுத்த சமயத்துல ரேஷன் கார்டு எழுத ஆளு வந்தப்போ இத எடுத்து நீட்டினாராம், எழுத வந்தவர் இது எதுக்குய்யா, வீட்டுல எத்தன பேர்னு மட்டும் சொல்லுன்னாராம். முனிசிபாலிட்டி குழாய்க்கு மனு குடுத்தப்போ மனுவோட சேர்த்துக் குடுத்து, அவங்க திருப்பிக் குடுக்க மூணு மாசம் ஆச்சாம், அந்த மூணு மாசமும் தூக்கமே இல்லாம அலைஞ்சாராம். நியூஸ்பேப்பர் ஒட்டினது பாட்டியோட அம்மா.

1952 ஜனவரில ஓட்டு போட போனப்போ பாட்டிக்கு 12 வயசு, கூடப் போயிருக்காங்க. பக்கத்துத் தெரு ஸ்கூல்ல பூத். அந்த வெள்ளைக் கோட்டையே தோச்சு இஸ்திரி போட்டு மாட்டிட்டு, பாக்கெட்டுல இந்தச் சீட்டோட வரிசைல நின்னிருக்கார். உள்ள மேஜைல உக்காந்திருந்தவர் பேர் கேட்டதும் இவர் வாய தொறக்காம சீட்ட எடுத்து பிரிச்சு மேஜை மேல வச்சாராம். அவர் தமிழ் ஆளு, அத எடுத்துப் படிக்காமலே மடிச்சு இவர் கைல குடுத்துட்டு, இதெல்லாம் வேணாங்க பெரியவரே, உங்க பேர சொல்லுங்கன்னாராம்.

முனுசாமி, த/பெ. சின்னப்பன், அல்சூர்னு சத்தமா சொன்னார்டி, வெளிய நின்ன எனக்கு கேட்டுச்சுன்னு பாட்டி சொன்னாங்க. லிஸ்ட்ல பேர் இருந்துச்சாம். பாட்டியோட அம்மா பேர் இல்லயாம். அவங்க வரிசைல இருந்து திரும்பி வந்து, வர்ற வழில குழாய்ல தண்ணி வந்துச்சுன்னு குடத்த எடுக்க வீட்டுக்கு ஓடிட்டாங்களாம்.